மருட்டுவது எது? தெருட்டுவது எது?

தனித்தமிழின்மேல் சுமத்தப்பெறும் குற்றச்சாட்டுகளுள் மிகப் பழையதும் இன்றளவும் ஓயாததும் ஒன்றுண்டு. 'உங்கள் தூய தமிழ் மக்களைக் கன்பியூசு பண்ணுகிறது' என்பதே அது. கடலூரிலும் தில்லையிலும் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவிலும் இக்கூற்று ஒன்றுபோலவே ஒலிக்கிறது. தமிழ் தமிழரை மயக்குகிறதாம்! அம்மயக்கத்தைச் சொல்லிக் காட்டுதற்கும் தமிழிற் சொல் கிடையாமல் ஆங்கில வினையொன்றைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறதாம்! குற்றச்சாட்டின் வாய்க்குள்ளேயே அதற்குரிய விடையும் கிடக்கிறது.

ஆயினும் இதனை எள்ளி நகையாடி விட்டுவிடுதல் தகாது. பொதுமக்களுக்கு விளங்காத மொழி எவர் எழுதியதாயினும் குற்றமுடையதே. ஆகலின், மக்களை மருட்டுவது எது, தெருட்டுவது எது என்பதை முறையாக ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

அடுப்பங்கரையில் உள்ள விடை

முதற்கண் அவ்வாங்கில வினையையே எடுத்துக்கொள்க. கன்பியூசு என்பதன் வேர் இலத்தீன மொழியில் உள்ளது. 'ஒருங்கே ஊற்றுதல்' என்பது அதன் முதற்பொருள். வேறுவேறாக இருக்கவேண்டிய நீர்மங்களை ஒரே கலத்தில் ஊற்றிவிட்டால், எது எதுவெனப் பிரித்தறிய இயலாது. அந்நிலையே பின்னர் உள்ளத்தின்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டது.

இதில் தமிழர் கடன்கொள்ளத்தக்க புதுமை யாது? தமிழ்ப் பெண்டிர் நாள்தோறும் அடுப்பில் ஏற்றும் குழம்பு இதனைத்தானே சொல்கிறது! புளிக்கரைசலும் மிளகாயும் மல்லியும் ஒன்றோடொன்று கலந்து, இனிப் பிரிக்கவொண்ணாது என்னும் நிலையை அடைந்தது குழம்பு. சேறு குழம்பும், வண்ணம் குழம்பும், உள்ளமும் குழம்பும். உரோமர் ஊற்றுக்கலத்தில் கண்ட உவமையைத் தமிழர் அடுப்புச் சட்டியிலேயே கண்டனர்.

ஆங்கிலத்தில் 'பிவில்டர்' என்றொரு வினையும் உண்டு. வழி தப்பச் செய்தல் என்பது அதன் அடிப்பொருள். 17-ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த அச்சொல், ஆளில்லாக் காட்டில் வழியறியாது அலைபவனின் நிலையைக் காட்டுவது. நம் நாட்டுப்புறத்தாரோ திகைப்பூண்டு என ஒன்றைச் சொல்வர். அதனை மிதித்தவன் வழி திகைத்துக் காட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவான் என்பது அவர்தம் நம்பிக்கை. அப்படியொரு பூண்டு உண்டோ இலதோ, அச்சொல் உண்டு. அச்சொல்லைப் படைத்த நுண்ணறிவும் உண்டு. 'பெர்ப்ளெக்சு' என்பதோ பின்னிக் கிடத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. சிக்கு, சிக்கல் என்பனவற்றை அறிந்த நெசவாளனுக்கும் தலைவாரும் தாய்க்கும் அச்சொல் எதற்கு?

ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நோய்

உள்ளம் தெளிவிழக்கும் நிலையைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல்லன்று, ஒரு குடும்பமே உள்ளது. மருள், மயங்கு, குழம்பு, கலங்கு, திகை, மலை, திணறு, தடுமாறு, வெருள், அலமரு என்பன அவற்றுட் சில. இவை யாவும் ஒரே பொருளைக் குறிப்பனவென்று மேம்போக்காகக் கருதுவார் உளர். நுணுகி நோக்குவார்க்கு ஒவ்வொன்றும் தனித்தனி வரப்புடைய வயலாகத் தோன்றும்.

அடியிற் படிந்த சேறு மேலெழ நீர் தெளிவிழத்தல் கலங்கல். பல பொருள்கள் தம்முட் கலத்தல் மயங்கல். அதனாலன்றோ தொல்காப்பியம் மெய்யெழுத்துகளின் கூட்டத்தை மெய்ம்மயக்கம் என்கிறது! எதிர்பாராதது நேர்ந்தபோது செயலற்று நிற்றல் திகைத்தல். அளவிற் பெரியதன்முன் ஊக்கம் தளர்தல் மலைத்தல். மூச்சு முட்டுமாறு நெருக்குண்ணல் திணறல். காலோ நாவோ நிலைதவறுதல் தடுமாறல். அச்சத்தால் அறிவு கலைதல் வெருளல். கொல்லையில் பறவையை ஓட்ட நிறுத்தும் பொய்யுருவிற்கு வெருளி என்பது பெயர். அலமரல், தெருமரல் என்னும் இரண்டிற்கும் சுழற்சி என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது.

இவற்றுள் மருள் என்பது தனிச்சிறப்புடையது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைத் தொல்காப்பியர் வைத்தார். புதியது கண்டும், பெரியது கண்டும், மிகச் சிறியது கண்டும், ஒன்று பிறிதொன்றாய் ஆனது கண்டும் அது தோன்றும் என நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். திருவள்ளுவரோ மெய்யுணர்தல் அதிகாரத்தில், உண்மையல்லாத ஒன்றை உண்மையாகக் கருதிவிடும் உணர்வுக்கு அச்சொல்லையே ஆள்கிறார். மருளுக்கு மறுதலை தெருள். மருட்டுதற்கு மறுதலை தெருட்டுதல். நோயையும் மருந்தையும் ஓரெழுத்து வேறுபாட்டில் இணைத்து வைத்த மொழி இது.

இவ்வேறுபாடு வெறும் புலமை விளையாட்டன்று. பள்ளி மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. நீண்ட வினாத்தாளைக் கண்டு மலைக்கிறான், இரண்டு வாய்பாடுகளைக் குழப்பிக்கொள்கிறான், புதிய வினாவின்முன் திகைக்கிறான், பெருக்கலிலே தடுமாறுகிறான், கண்காணிப்பாளரின் குரல் கேட்டு வெருள்கிறான். இவ்வைந்தும் ஐந்து நோய்கள், மருந்தும் ஐந்து. மலைத்தவனுக்கு ஊக்கம் வேண்டும்; குழப்பிக்கொண்டவனுக்கு விளக்கம் வேண்டும்; திகைத்தவனுக்குச் சிறிது காலம் வேண்டும்; தடுமாறியவனுக்குப் பயிற்சி வேண்டும்; வெருண்டவனுக்கு அன்பு வேண்டும். ஐந்திற்கும் 'கன்பியூசு ஆகிவிட்டேன்' என்னும் ஒரே சொல்லை மாணவன் சொல்வானாயின், ஆசிரியர் எந்த மருந்தைத் தருவார்? நோயின் பெயரை மறந்தவன் மருந்தின் வழியையும் அடைத்துக்கொள்கிறான்.

செய்தவன் யார்?

இன்னுமொரு கேடு இலக்கணத்தின்பாற்பட்டது. குழம்பு என்பது தன்வினை. குழப்பு என்பது பிறவினை. மயங்கு, மயக்கு, கலங்கு, கலக்கு, மருள், மருட்டு, வெருள், வெருட்டு என்பனவும் அன்ன. சொல்லில் மெல்லொற்றோ இடையொற்றோ வல்லொற்றாகத் திரிந்த அளவிலேயே, பட்டவன் யார், படுத்தியவன் யார் என்பது விளங்கிவிடுகிறது. பொருள் மாற்றத்தைச் சொல்லின் உடலே காட்டுகிறது.

அயல்வினைக்கு இவ்வாற்றல் தமிழில் இல்லை. 'கன்பியூசினான்' என்று எவரும் சொல்வதில்லை. 'ஆகு', 'பண்ணு' என்னும் இரண்டு ஊன்றுகோல்களின்றி அது தமிழில் ஓரடியும் எடுத்து வையாது. 'டிசைடு பண்ணு', 'வெயிட்டு பண்ணு', 'டிரை பண்ணு', 'டென்சன் ஆகு' என்று பெருகிவரும் வழக்கைக் காண்க. முடிவுசெய், காத்திரு, முயல், பதறு எனத் தத்தம் காலில் நின்ற வினைகளெல்லாம் மறைந்து, இரண்டே இரண்டு வினைகள் எஞ்சுகின்றன. பெயர்ச்சொற்கள் சில அயன்மொழியிலிருந்து வந்தால் மொழியின் உடை மாசுபடும். வினைச்சொற்கள் வந்தால் மொழியின் முதுகெலும்பே தேயும்.

ஆங்கிலேயர் செய்தது யாது?

'சொற்றூய்மை பேசுவோர் தமிழர் மட்டுமே; ஆங்கிலேயர் எல்லாச் சொற்களையும் வரவேற்றே வளர்ந்தனர்' என்பாரும் உளர். அவர் வரலாற்றை ஒரு பக்கமே படித்தவர். மருட்டி ஏய்த்தல் என்னும் பொருளில் 'பாம்பூசில்' என்றொரு வினை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பரவிற்று. கலிவரின் பயணங்களை எழுதிய சோனாதன் சுவிப்டு, 1710-ஆம் ஆண்டு 'டாட்லர்' என்னும் இதழில் அச்சொல்லைப் பெயர் சுட்டியே கண்டித்தார். 1712-இல் ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்தப் புலவர் குழு வேண்டுமென்று தனி நூலே வெளியிட்டார். 1755-இல் அகரமுதலி வெளியிட்ட சாமுவேல் சான்சனும், தூய நடைக்கும் உயர்ந்த நடைக்கும் ஒவ்வாத சொல்லென்று அதற்குக் குறிப்பெழுதினார். தம் மொழியின் தூய்மையைக் கருதுதல் பித்தாயின், ஆங்கிலத்தின் தலையாய எழுத்தாளரும் அகரமுதலியாளரும் அப்பித்துக் கொண்டவரே.

'சுவிப்டு தோற்றாரே! அச்சொல் இன்றும் வாழ்கிறதே!' என்பது அடுத்த தடை. உண்மை; அது வாழ்கிறது. ஆனால் அது வந்ததனால் ஆங்கிலத்தில் மருட்கை குறித்த பிற வினைகள் இறந்தொழியவில்லை. அவை அனைத்தும் உடனிருந்து வாழ்கின்றன. தமிழில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. ஒரு கன்பியூசு வந்து பத்து வினைகளை வாயினின்று விரட்டுகிறது. புதிய விருந்தினர் வருவது வேறு. வீட்டார் வெளியேற்றப்படுவது வேறு.

அயலாட்சியின்கீழ்ச் சொற்கள் பெருந்தொகையாய் அழிந்தால் யாது நேரும் என்பதற்கும் ஆங்கிலமே சான்று. 1066-இல் நார்மானியர் வென்றபின் ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள் பெருவாரியாக வழக்கிழந்தன. இன்று ஓர் ஆங்கிலேயர் அதற்கு முற்பட்ட தம் முன்னோரின் பாடலைப் படிக்க விரும்பினால், அயன்மொழியைக் கற்பதுபோல் கற்றாக வேண்டும். தமிழரோ தொல்காப்பியரும் வள்ளுவரும் ஆண்ட மருள் என்னும் சொல்லை இன்றும் எளிதில் உணர்வர். இத்தொடர்ச்சி பொன்கொடுத்தும் பெறவொண்ணாதது. அதனைக் கைநழுவ விடுவது அறிவுடைமையாகுமா?

பெயரே மருட்டும் ஊர்

இனி, மக்களை உண்மையில் மருட்டுவது எது என்பதைக் காண்க. மங்கலம்பேட்டையில் பேருந்தேறித் தெற்கு நோக்கிச் செல்வோர் விருத்தாசலத்தை அடைவர். 'விருத்தாசலம்' என்றால் யாதென்று அவ்வண்டியில் வரும் சிறுவன் ஒருவன் தன் தந்தையைக் கேட்டால், அவர் என்ன சொல்வார்? விருத்தம் என்பது பாவினத்தின் பெயராயிற்றே என்று தமிழ் படித்தவர் மயங்குவார், படியாதவர் வாளாவிருப்பார். தேவார மூவரும் பாடிய அவ்வூரின் தமிழ்ப்பெயர் முதுகுன்றம். பழமலை என்பதும் அதுவே; இறைவன் பெயரும் பழமலைநாதர். முதுகுன்றம் என்று சொல்லிப் பாருங்கள்! ஐந்து அகவைக் குழந்தையும் பொருள் கேளாமலே உணரும். முதுமை தெரியும், குன்று தெரியும். பெயர் தன்னைத் தானே விளக்குகிறது. வடமொழியாக்கப்பட்ட பெயரோ அதே பொருளைத்தான் தருகிறது. ஆயினும் அதற்கு உரைகாரர் வேண்டும். தெருட்டிக்கொண்டிருந்த பெயரை மருட்டும் பெயராக மாற்றியதன்றி அம்மாற்றத்தால் விளைந்த நன்மை யாது?

மாயூரம், மாயவரம் என்று திரிந்து வழங்கிய ஊருக்கு 1982-இல் மயிலாடுதுறை என்னும் பெயர் மீண்டது. மாயத்திற்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பென்று வியந்தவர்க்கு, மயில் ஆடிய துறை என்பது உடனே விளங்கிற்று. அம்மாற்றம் எவரையும் குழப்பவில்லை, குழப்பத்தைத் தீர்த்தது.

1916-இல் தனித்தமிழியக்கம் தொடங்கிய மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம். வேதாசலத்தின் அசலமும் விருத்தாசலத்தின் அசலமும் ஒன்றே. மலை என்பதே பொருள். அடிகள் தம் பெயரைத் தெருட்டிக்கொண்டார். ஊரோ இன்னும் அப்படியே நிற்கிறது. பின்னாளில் பாவாணர் 1956 முதல் 1961 வரை தில்லையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றித் தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆய்ந்தார். பெருஞ்சித்திரனார் 1959-இல் கடலூரிலிருந்து தென்மொழியைத் தொடங்கினார். தூய தமிழின் விளக்கை ஏந்திய மண் இது. இம்மண்ணிலேயே 'தமிழ் கன்பியூசு பண்ணுகிறது' என்னும் பேச்சு எழுவது எத்துணை இரங்கத்தக்கது!

தேர்தலில் நிற்பவரை ஒருகாலத்தில் அபேட்சகர் என்றனர். வேட்பாளர் என்னும் சொல் வந்தபோது, 'இது யாருக்குப் புரியும்?' என்னும் அதே வினா எழாமலா இருந்தது? வேட்பு என்றால் விருப்பம். விரும்பி முன்வருபவர் வேட்பாளர். இன்று அபேட்சகர் என்றால்தான் மக்கள் திகைப்பர். காரியதரிசி செயலாளரானார், சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று, நமசுகாரம் வணக்கமாயிற்று. புதுமையால் தோன்றும் மருட்கை சின்னாளில் நீங்கும். வேர் விளங்காமையால் தோன்றும் மருட்கை தலைமுறை கடந்தும் நீங்காது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே தனித்தமிழைப் பழிப்பார் செய்யும் முதற்பிழை.

மருட்டுண்டவன் தன்னையே நொந்துகொள்கிறான்

மங்கலம்பேட்டையைச் சேர்ந்த உழவர் ஒருவரை எண்ணிக்கொள்க. மல்லாட்டை விற்ற பணம் வங்கியில் இருக்கிறது. அவர் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. 'இக்கடவெண்ணை எவர்க்கும் சொல்லாதீர்' என்னும் எச்சரிக்கையும் அதற்குள்ளே ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எவனோ ஒருவன் தொலைபேசியில் அழைக்கிறான். இரண்டு ஆங்கிலச் சொற்களை வீசுகிறான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவெண்ணைக் கேட்கிறான். உழவர் சொல்லிவிடுகிறார், பணம் போய்விடுகிறது. காவல் நிலையத்தில் நின்று அவர் என்ன சொல்கிறார்? 'ஐயா, கன்பியூசு ஆயிட்டேன்' என்கிறார்.

அவர் கன்பியூசு ஆகவில்லை. அவர் மருட்டப்பட்டார்! திருடன் மருட்டினான், அதற்குமுன், விளங்காத மொழியில் எச்சரிக்கை விடுத்தவர்களும் மருட்டினர். தன்வினையாகச் சொல்லிச் சொல்லித் தமிழர் பிறர் குற்றத்தைத் தம் தலைமேல் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டனர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் தாயின் கையில் தரப்படும் தாளும் ஆங்கிலம். மருந்துப் பெட்டியின் மேலெழுத்தும் ஆங்கிலம். காப்பீட்டு ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தும் ஆங்கிலம். 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் செய்த நாட்டில், தன் உடலையும் பொருளையும் பற்றிய செய்தியைப் படித்தறிய இயலாமல் ஒருவர் பிறர் முகத்தைப் பார்த்து நிற்கிறார். அந்நிலையில், 'தூய தமிழ் மக்களுக்கு விளங்காது' என்று அவருக்காகக் கவலைப்படுவோர், ஆங்கிலம் அவருக்கு விளங்குகிறதா என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

தனித்தமிழர்க்கும் ஒரு சொல்

குற்றச்சாட்டிற்கு விடை கூறுவதோடு கடமை முடிந்துவிடாது. தனித்தமிழ் எழுதுவோரும் தம் சொற்களைத் தாமே உரைத்துப் பார்த்தல் வேண்டும். வழக்கில் உள்ள எளிய தமிழ்ச்சொல் இருக்க, பழநூலிலிருந்து அருஞ்சொல்லை எடுத்து வந்து பொருள் கூறாமல் நிறுத்துவது புலமையைக் காட்டலாம், தமிழைக் காவாது. புதுச்சொல் படைக்கும் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. இதன் வேர் மக்கள் வாயில் வாழ்கிறதா? சொல்லைக் கேட்டவர் பொருளின் ஒரு பகுதியையேனும் தாமே உணர்வரா? இதனினும் எளிய சொல் நாட்டுப்புறத்தில் முன்பே வழங்குகிறதா? இத்தேர்வில் வெல்லாத சொல் வடசொல் கலவாததாயினும் மருட்டுஞ் சொல்லே. தூய்மையின் பயன் தெளிவு. தெளிவைத் தாராத தூய்மை, நீரில்லாத கிணற்றுக்குக் கட்டிய கைப்பிடிச்சுவர் போன்றது.

செய்யவேண்டுவன அரியவல்ல. பேசும்போது 'கன்பியூசு' என வாயில் வருமிடத்து ஒரு நொடி நின்று, குழம்பினேனா, மலைத்தேனா, திகைத்தேனா, மருட்டப்பட்டேனா என்று தம்மையே வினவித் தக்க சொல்லை ஆள்க. பெற்றோர் பிள்ளைகளின் வாயில் அவ்வினைகளை நாள்தோறும் பழக்குக. ஆசிரியன்மார் தன்வினை பிறவினைகளைத் தேர்வுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் கற்பிக்க. வங்கியிலும் மருத்துவமனையிலும் தமிழில் எழுதித் தருமாறு ஒவ்வொருவரும் நயத்தோடும் உறுதியோடும் கேட்க. ஒருவர் கேட்டால் மறுப்பர், ஊரே கேட்டால் மறுக்கவொண்ணாது. விருத்தாசலம் என எழுதுமிடத்தெல்லாம் முதுகுன்றம் என்பதையும் உடனெழுதுக.

தமிழைப் பிறர் மருட்டுமொழி என்று பழிக்கும்போது சினந்து பயனில்லை. தெருட்டிக் காட்டுதலே தக்க விடை. மருளுக்கும் தெருளுக்கும் இடையே உள்ளது ஓரெழுத்துத் தொலைவே. அதனைக் கடக்கும் ஆற்றல் தமிழர் நாவிலேயே இருக்கிறது. தெளிக தமிழர்! பிறரையும் தெருட்டுக!